மண்டப வீட்டுக்காரர்

சிரிக்க வைத்தே பிழைத்த நடிகர் ஒருவருக்கு ஒரு குரு இருந்தார். குரு சீடனைவிட நாலு வயது இளையவர். சீடனிடமே வேலை பார்த்தவர். சினிமாவில் இப்படியெல்லாம் நடக்கும், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சீடனின் பெயர் பவுன்ராஜ். தேனிப் பக்கத்து ஆள். தனக்கான காமெடியைத் தானே எழுதி, தானே நடித்துப் பேர் வாங்கியவர். குருவின் பெயர் குழந்தைவேலு. அந்தப் பெயர் எந்தப் படத்தின் டைட்டிலிலும் வந்ததில்லை.

முதல் பாடம் நடந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. அப்போது இருவரும் வடபழனியில் ஒரே அறையில் இருந்தார்கள். பவுன்ராஜுக்கு ஒரு படத்தில் படிக்கட்டில் உருண்டு விழுகிற வேஷம். ஏழு டேக் விழுந்தார். முழங்கைத் தோல் போனதுதான் மிச்சம், செட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அறைக்கு வந்து மருந்து போட்டுக்கொண்டே புலம்பினார்.

"நல்லாத்தானேய்யா விழுந்தேன். ஏன் ஒருத்தனும் சிரிக்கல?"

குழந்தைவேலு எழுந்து வாசலுக்குப் போனார். படியில் கால் தடுக்கிப் பொத்தென்று தெருவில் விழுந்தார். விழுந்தவர் உடனே எழவில்லை. தலையை மட்டும் தூக்கி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக எழுந்து வேட்டியைத் தட்டினார். அப்போதுதான் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. உடனே ஏதோ சாவியைத் தொலைத்தவர் மாதிரி மறுபடியும் குனிந்து தரையில் தேட ஆரம்பித்தார்.

பவுன்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடியில் அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

"விழறதுல ஒண்ணும் இல்லண்ணே" என்றார் குழந்தைவேலு. "யாராச்சும் பார்த்துட்டாங்களான்னு ஒரு பார்வை பார்க்கிறான் பாருங்க, அதுலதான் இருக்கு சரக்கு."

அன்றிலிருந்து பவுன்ராஜ் அவரைக் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலியாகத்தான் ஆரம்பித்தது. நாளாக நாளாகக் கேலி போய்ப் பேர் மட்டும் நின்றுவிட்டது.

அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு பவுன்ராஜ் மளமளவென்று மேலே போனார். முதலில் கதாநாயகனுக்கு நண்பன். பிறகு தனியாகக் காமெடி டிராக். படத்தின் கதை ஒரு பக்கம் போகும், இவருடைய காமெடி இன்னொரு பக்கம் போகும், இரண்டுக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. ஜனங்கள் கதை வரும்போது வெளியே போய் டீ குடித்துவிட்டு, பவுன்ராஜ் வரும்போது உள்ளே வந்து உட்காருவார்கள். போஸ்டரில் கதாநாயகன் தலைக்குச் சமமாக இவர் தலையும் வந்தது.

சாலிகிராமத்தில் ஆபீஸ் போட்டார். அதில் பெரிய அறைதான் டிஸ்கஷன் ரூம். நாலு உதவி எழுத்தாளர்கள் பாயில் உட்கார்ந்து யோசிப்பார்கள். நாலு பேரில் மூத்தவர் குழந்தைவேலு. வெளியே அவர் உதவியாளர், கதவைச் சாத்தினால் குரு.

இரண்டாவது பாடம் அந்த அறையில் நடந்தது. பவுன்ராஜ் ஊர்ப்பக்கம் பார்த்த ஒரு போலீஸ் ஏட்டை அப்படியே எழுதியிருந்தார். யார் புகார் கொடுக்க வந்தாலும் அவர்களை உட்கார வைத்துத் தன் மாமியார் கொடுமையைச் சொல்லி அழுகிற ஏட்டு. படித்தபோது அறையே சிரித்து உருண்டது.

"இது அந்த ஊர்ல இருக்கிற ஆளாண்ணே?" என்று கேட்டார் குழந்தைவேலு.

"அச்சு அசல் அவரேதான்யா."

"அப்படின்னா எடுக்கிறதுக்கு முன்னாடி அவருக்குப் படிச்சுக் காட்டுங்க. அவர் சிரிச்சா எடுங்க. சிரிக்கலேன்னா கிழிச்சுப் போட்டுடுங்க."

பவுன்ராஜ் அப்படியே செய்தார். ஏட்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்ததோடு விடாமல், மாமியாரைப் பற்றித் தன் பங்குக்கு ஒரு வரியும் சொல்லிக்கொடுத்தார். தியேட்டரில் அதிகமாகக் கைதட்டு வாங்கியது அந்த வரிதான். அதற்குப் பிறகு பவுன்ராஜ் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. பேட்டிகளில்கூடப் பெருமையாகச் சொல்லுவார். குருவின் பேரைச் சொல்ல மட்டும் மறந்துவிடுவார்.

அதன் பிறகு வந்ததுதான் 'பந்தி பரமு'. தமிழ்நாட்டில் அந்தக் காட்சியைத் தெரியாதவர்கள் குறைவு. பவுன்ராஜ் நடித்த பரமு, அழைப்பில்லாமல் கல்யாண வீடுகளில் சாப்பிடுகிறவன். பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு என்பான், மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு என்பான். ஒருநாள் இரண்டு சம்பந்திகளும் அவனுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். நீ எந்த வீடுடா என்று இருவரும் சேர்ந்து கேட்கிறார்கள். பரமு ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, "மண்டப வீடு" என்கிறான்.

படம் நூறு நாள் ஓடியது. நூறாவது நாள் விழா முடிந்த மறுநாள் குழந்தைவேலு வேலையை விட்டார். கண் சரியில்லை, எழுத முடியவில்லை என்று காரணம் சொன்னார். ஒரு மாதத்துக்குள் டப்பிங் தியேட்டர் ஒன்றில் தெலுங்குப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதப் போய்விட்டார். நடிகரின் உதடு எங்கே மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று அணுஅணுவாகப் பார்த்து எழுதுகிற வேலை அது. அதற்கு நல்ல கண் வேண்டும். பவுன்ராஜுக்கு இது தெரியாமல் இல்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று கேட்காமலே விட்டுவிட்டார்.

பிறகு பவுன்ராஜ் தானே கதாநாயகனாக மூன்று படம் எழுதி நடித்தார். மூன்றும் படுத்துவிட்டன. காமெடிக்குக் கூப்பிட்டவர்களும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். இரண்டு வருஷமாக அவர் முகத்தில் மேக்கப் ஏறவில்லை.

பிரிந்து ஆறு வருஷம் கழித்து ஒரு காலை அவர் குழந்தைவேலுவைத் தேடி டப்பிங் தியேட்டருக்கு வந்தார். நடிகர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறையில் குழந்தைவேலு தனியாக எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

பவுன்ராஜ் உட்கார்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"குருவே, ஒண்ணு கேக்கணும். பன்னண்டு மணிக்குள்ள ஒருத்தருக்கு நான் பதில் சொல்லியாகணும். அதுக்கு முன்னாடி உன் வாயால ஒரு வார்த்தை வேணும்."

"சொல்லுங்க."

"'பந்தி பரமு' ரெண்டாம் பாகம் எடுக்கிறாங்க. தயாரிப்பாளர் வீடு தேடி வந்துட்டாரு. வியாழக்கிழமை பூஜை. இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் கிடையாது, அது உனக்கே தெரியும்."

"நல்ல விஷயந்தானேண்ணே. பண்ணுங்க."

"வீரணன் செத்துப் போயிட்டாருய்யா."

குழந்தைவேலு பேனாவை மூடி வைத்தார்.

வீரணன் என்பவர்தான் அசல் பரமு. பவுன்ராஜின் ஊர்க்காரர். நூல் மில்லில் வேலை பார்த்தார், மில்லை மூடிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லை. முகூர்த்த நாளில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு மண்டபத்துக்குப் போவார். கடைசிப் பந்தியில் ஓரமாக உட்காருவார். சாப்பிட்டதும் மேடைக்குப் போய் மணமக்களுக்கு நாலு அட்சதை போட்டுவிட்டு வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார். இது ஊருக்கே தெரியும். தெரியாதது மாதிரி இருப்பது ஊர் வழக்கம். புதிதாகப் பரிமாற வந்தவர் யாராவது தயங்கினால், "நம்ம ஆளுதான், போடுப்பா" என்று எந்த வீட்டாராவது ஒருவர் சொல்லிவிடுவார். இருபது வருஷம் அப்படித்தான் நடந்தது. படம் வந்த பிறகுதான் எல்லார் கண்ணிலும் அவர் பட ஆரம்பித்தார்.

"போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன்" என்றார் பவுன்ராஜ். "பரிமாறுறவன் ஒருத்தன் வந்து, 'அண்ணே, உங்க பந்தி பரமு போன ஆவணியில போய்ச் சேந்துட்டாரு'ங்கிறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்."

"எப்படி இறந்தாராம்?"

"படம் வந்தப்புறம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் விடமாட்டாங்களாம். 'மண்டப வீட்டுக்காரர் வந்துட்டாருடோய்'னு கூட்டம் கூடிருமாம். ரெண்டு பேரு ரெண்டு பக்கம் உக்காந்துக்கிட்டு, 'எந்த வீடு'ன்னு கேப்பாங்களாம். போனை வெச்சுப் படம் பிடிப்பாங்களாம். அந்த வசனத்தைச் சொன்னாத்தான் சோறு வைப்பாங்களாம்."

"சொன்னாரா?"

"கொஞ்ச நாள் சொல்லியிருக்காரு. அப்புறம் மண்டபத்துக்குப் போறதையே விட்டுட்டாரு. யாருகிட்டயும் போயி நிக்கிற ஆளு கிடையாது அவரு. ஆவணி மாசம், ஊர்ல நித்தம் ஒரு கல்யாணம். மனுஷன் வீட்டுக்குள்ளயே கெடந்துருக்காரு. நாலு நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சாங்களாம். வயித்துல ஒண்ணுமே இல்லைன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வெள்ளைச் சட்டை மட்டும் தேய்ச்சு ஆணியில தொங்குச்சாம்."

பவுன்ராஜுக்கு அழுகை வந்துவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"ஒரே ஒரு கேள்விதான் குருவே. அவரு செத்ததுல என் மேல தப்பு இருக்கா? இல்லைன்னு நீ சொன்னா நான் போயிக் கையெழுத்துப் போடுறேன். வேற யாரு சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது."

குழந்தைவேலு எதிரிலிருந்த கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய திரையில் படம் வந்தது. பந்திக் காட்சி. குழந்தைவேலு ஒலியை மொத்தமாக நிறுத்திவிட்டு ஓட விட்டார்.

பவுன்ராஜ் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்தவர். சத்தத்தோடுதான் பார்த்திருக்கிறார். இப்போது வசனம் இல்லை, டொய்ங் டொய்ங் என்று பின்னால் வருகிற வாத்தியம் இல்லை. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பெரிய மனிதர்கள் அவரைப் பார்த்து வாயை வாயைத் திறந்து மூடுகிறார்கள். அவர் ஏதோ சொல்கிறார். அவர்கள் அவரை இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இலையிலிருந்து தூக்குகிறார்கள். பிசைந்த சோறு கையில் இருக்கிறது. அது சிந்திவிடக் கூடாதென்று அவர் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். சுற்றிலும் எல்லாரும் சிரிக்கிறார்கள். வெளியே தள்ளும்வரைக்கும் அவர் தன் இலையையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

அந்தப் பார்வையை அந்த வருஷம் பத்திரிகைகள் எல்லாம் பாராட்டி எழுதின. பவுன்ராஜ் யாரைப் பார்த்து அதை நடித்தாரோ, அவர் முகம்தான் இப்போது திரையில் தெரிந்தது.

"நிறுத்துய்யா" என்றார் பவுன்ராஜ்.

குழந்தைவேலு நிறுத்தினார்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. பவுன்ராஜ் எடுத்துப் பார்த்தார். தயாரிப்பாளர். சத்தமில்லாமல் அதைத் திரும்ப உள்ளே வைத்தார். அவருக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. அழுகிறவர்களுக்குத் திடீரென்று வருமே, அந்தக் கோபம்.

"சத்தத்தை நிறுத்திட்டா எவன் காமெடியும் அப்படித்தான்யா இருக்கும். நான் உன் சட்டத்தை மீறல. அவருக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் எடுத்தேன்."

"வீரணனுக்கா?"

"வீரணனுக்குத்தான். ஷூட்டிங்குக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி இதுக்குன்னே ஊருக்குப் போனேன். இல்லாதவர்தானே, நல்லாச் சாப்பிடட்டும்னு மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போயி எதிர்ல உக்கார வெச்சேன். பதினோரு பக்கம், ஒரு வரி விடாமப் படிச்சேன். மனுஷன் முதல் பக்கத்துலயே ஆரம்பிச்சுட்டாரு. விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் ஜோக்கே வைக்காத எடத்துலகூடச் சிரிச்சாரு. முடிச்சதும், 'ரொம்ப நல்லாருக்கு தம்பி, எடுங்க'ன்னாரு. அவரு வாயால சொன்னதுய்யா. இதுக்கு மேல ஒருத்தன் என்ன செய்யணும், சொல்லு."

குழந்தைவேலு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"எலை போட்டதும் படிச்சீங்களா, சாப்பிட்டு முடிச்சதும் படிச்சீங்களாண்ணே?"

பவுன்ராஜ் சட்டென்று பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த மெஸ் கண் முன்னால் வந்து நின்றது.

வீரணன் இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டும் பொரியலும்கூட இன்னும் வைக்கவில்லை. சோற்று வாளியோடு வந்தவரைப் பவுன்ராஜ்தான் கையைக் காட்டி நிறுத்தினார், படித்து முடித்துவிடுகிறேன் என்று. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. படிக்கிறபோது நடுவில் யாராவது வந்தால் அவருக்கு ஓட்டம் கெட்டுவிடும், அவ்வளவுதான். வாளிக்காரர் பதினோரு பக்கமும் பக்கத்திலேயே நின்றார். வீரணன் ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு தடவை வாளியைப் பார்த்தார். அதையும் பவுன்ராஜ் கவனித்திருந்தார். வாளிக்காரரும் சிரிக்கிறாரா என்று பார்க்கிறார்போல என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

அறையில் சத்தமே இல்லை. சத்தம் வராமலிருக்கத்தானே அந்த மாதிரி அறைகளைக் கட்டுகிறார்கள்.

போன் மறுபடியும் அதிர்ந்து நின்றது. பவுன்ராஜ் அதைத் தொடவில்லை. பிறகு கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டவர் மாதிரி நிமிர்ந்தார்.

"நீயும்தானே சிரிச்ச. நம்ம ரூம்ல அந்த சீனை முதல் தடவை படிச்சப்போ, எல்லாருக்கும் முன்னாடி நீதான் சிரிச்ச. பாயில உருண்டு உருண்டு சிரிச்ச. நீ சிரிச்சதை நம்பித்தானேய்யா நான் எடுத்தேன்."

"ஆமாண்ணே, சிரிச்சேன்" என்றார் குழந்தைவேலு. "நீங்க சீனை ஓகே பண்ணினாத்தானே நம்ம ரூமுக்குச் சாப்பாடு வரும். அன்னைக்கு மணி மூணரை ஆயிருந்துச்சு."